கரையோரத் தபால்: அன்று செய்யாமல் விட்டதை இன்று செய்யலாமா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கொரோனா போய் இத்தனை வருடம் ஆன பிறகும் உங்கள் மனதில் எது இன்னும் முடியாமல் கிடக்கிறது? பாம்பன், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று கரை முழுக்க இருந்து கடிதங்கள் வந்துவிட்டன. சிலர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் அஞ்சலட்டையில் இரண்டே வரி. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஏழு மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்தான். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.

"டாக்டரம்மா, 2021 மே மாதம் எங்க அப்பா கொரோனாவில் இறந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பதாவது நாள். முகத்தைக்கூடக் காட்டலை. எனக்கும் அம்மாவுக்கும் காய்ச்சல், அதனால் அடக்கத்துக்கு நாங்க போகலை, தம்பி மட்டும் தூரத்தில் நின்னான். கவச உடை போட்ட யாரோ நாலு பேர் இறக்கி வெச்சதை போனில் எடுத்து அனுப்பினான், இன்னைக்கு வரைக்கும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. அம்மா இப்பவும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வெச்சா முதல் துண்டை அப்பாவுக்குன்னு எடுத்து வைக்கிறாங்க. எனக்கு ராத்திரி போன் அடிச்சா கை நடுங்குது. 'பாம்பன்ல புதுப் பாலமே வந்து ரயில் ஓடுது, நீ இன்னுமா அழுறே'ன்னு நாத்தனார் கேட்கிறாங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"
— வாசகி, தங்கச்சிமடம்

இல்லைம்மா. உங்களுக்கு எந்தப் பைத்தியமும் இல்லை.

நம்ம கரையில் ஒரு சாவை எப்படித் தாங்குகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லை என்றால் அன்றைக்கு ஊரே தொழிலுக்குப் போகாது. பத்து இருபது படகு தேடப் போகும். பெண்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள், அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். உடல் கிடைத்துவிட்டால் அந்த முகத்தைத் தொட்டுத் தொட்டு அழுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சடங்கு மாதிரித் தெரியும். முப்பது வருடம் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், அதுதான் வைத்தியம். போனவர் போய்விட்டார் என்று யாராவது சொன்னால் மனது நம்பாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, கூட நாலு பேர் அழுவதைக் கேட்டு, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக நம்பும். உங்கள் வீட்டில் இது அத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டது. தொற்றைத் தடுக்க வேண்டியிருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்த விதிகளைச் சொல்லி வாசலில் நின்ற சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்த விதிகளால் பட்ட காயம் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஆறவில்லை, அதைச் சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியாது.

இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிற ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலேயே 2020, 2021 இரண்டு வருடமும் ஆடி அமாவாசைக்கு ஆட்களை விடவில்லை. கீழக்கரைப் பக்கம் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற முடியாமல் போன வீடுகள் இருக்கின்றன. வாப்பாவின் ஜனாஸாவை, அந்த இறுதிச் சடங்கை, வளைகுடாவில் ஒரு அறையில் உட்கார்ந்து போனில் பார்த்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது அப்பத்தாவின் தம்பி அங்கே ஒரு கடையில் வேலையாக இருந்தார். பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. அவர் உடல் கிடைக்கவில்லை. "நீந்தத் தெரிஞ்ச பய, சிலோன் பக்கம் ஒதுங்கியிருப்பான்" என்று சொல்லி அப்பத்தா கருமாதி செய்யவே விடவில்லை. ஆறாவது வருடம், யாரும் வற்புறுத்தாமல், அவராகவே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு முகுந்தராயர் சத்திரத்துக்குப் பக்கத்தில் கரையில் வைத்து எல்லாம் செய்தார். உடலுக்குப் பதிலாகத் தம்பியின் சட்டை ஒன்று. அதற்கப்புறமும் அப்பத்தா அழுதிருக்கிறார், ஆனால் ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்ப்பது மட்டும் நின்றுவிட்டது என்று எங்கள் அப்பா சொல்வார். ஆறு வருடம் கழித்துச் செய்ததும் பலித்தது.

நீங்களும் செய்யுங்கள் அம்மா. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது, இல்லை அப்பாவின் நினைவு நாளே ஆகட்டும். பங்குச் சாமியாரிடம் பேசி ஒரு திருப்பலிக்குச் சொல்லுங்கள். முப்பதாம் நாள் சாப்பாடு போடவில்லை அல்லவா, அதை இப்போது போடுங்கள். அன்றைக்கு வர முடியாமல் போனவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அப்பாவைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். முக்கியமாக உங்கள் தம்பியைப் பேச வையுங்கள், அந்தப் பையன் தனியாக நின்று பார்த்ததை இதுவரை யாரிடமாவது முழுதாகச் சொல்லியிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான். வீடியோவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இல்லை. பார்ப்பதானால் தனியாக வேண்டாம், தம்பி பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். போகவில்லையே என்கிற குற்ற உணர்வு உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி இருக்கிறது. காய்ச்சலோடு இருந்தவரை யாரும் விட்டிருக்க மாட்டார்கள், நீங்கள் அழுது பார்த்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள்.

அம்மா எடுத்து வைக்கிற மீன் துண்டு நோய் இல்லை, அதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் போன் மணிக்குக் கை நடுங்குவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து நீடித்த துக்கம் என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் குறையாமல், வேலை, சாப்பாடு, பிள்ளைகள் என்று எதிலும் மனது ஒட்டாமல் போனால் அதற்குப் பேச்சு வழியாகவே நல்ல சிகிச்சை இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்கிற டெலி மானஸ் எண், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்பாவிடமே போய்விடலாம் என்று ஒரு நாள் தோன்றினாலும் யோசிக்காமல் அந்த எண்ணுக்கு அடியுங்கள், கூடவே தம்பியையும் எழுப்புங்கள்.

"டாக்டர், துபாயில் பதினோரு வருஷம் இருந்தேன். 2020ல் வேலை போய் 'வந்தே பாரத்' விமானத்தில் ஊர் வந்து 14 நாள் தனியா இருந்தேன். அப்பகூடத் தைரியமாத்தான் இருந்தேன். இப்ப சொந்தக் கடை, நல்லா ஓடுது. ஆனா போன வருஷத்திலிருந்து திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, விரல் மரத்துப்போகுது, இதோ மவுத்தாகப்போறேன்னு தோணுது. மூணு தடவை ராத்திரி ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல், ஒண்ணுமில்லை கேஸ்தான்னு அனுப்பிட்டாங்க. ஜும்ஆவுக்குப் போனா கடைசி வரிசையில் கதவு ஓரமா நிக்கிறேன். உம்மா ஓதிப் பார்க்கலாங்கிறாங்க."
— வாசகர், கீழக்கரை

தம்பி, 'ஒண்ணுமில்லை' என்று உங்களை அனுப்பியது சரியில்லை. இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு வருவது நிஜமான ஒரு தொந்தரவு, பேனிக் அட்டாக் என்பார்கள்.

வெறிநாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், ஓடுவதற்குத் தயாராகும். உங்களுக்கு நாய் இல்லாமலே அது நடக்கிறது, அவ்வளவுதான். வேகமாக மூச்சு விட விட ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் மரத்துப்போவதும் தலை லேசாவதும் அதனால்தான். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். அந்த நேரத்தில் சாவு வந்துவிட்டது மாதிரி இருக்கும், ஆனால் பேனிக் அட்டாக்கால் உயிர் போகாது. இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டீர்களே, அது நல்ல காரியம், முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அப்போது தைரியமாக இருந்தேன், இப்போது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக்கடலில் காற்றில் மாட்டிய படகுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கை நடுங்காது, நடுங்க நேரமில்லை. கரையேறி டீக்கடையில் கிளாஸைப் பிடிக்கும்போதுதான் நடுங்கும். உங்களுக்கும் கரையேறிய பிறகு வந்திருக்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, கொரோனாவின் முதல் வருடத்திலேயே உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னது. அதில் பலருக்கு இன்னும் சிகிச்சையே தொடங்கவில்லை, உங்களைப் போல இதய டாக்டரையும் வயிற்று டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரும்போது ஓடாதீர்கள். இருந்த இடத்தில் உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், இது ஏறும், இறங்கிவிடும் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். கதவு ஓரம் நிற்பதுதான் இந்த நோயை வளர்க்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு வரிசை முன்னால் நில்லுங்கள், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. படபடப்பு வந்தாலும் தொழுகை முடியும்வரை அங்கேயே இருங்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதித்தரும் முக்கியமான மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், அது போதை மாதிரிப் பழகிப்போகிற வகை இல்லை, ஆனால் நன்றாகிவிட்டது என்று நீங்களாக டக்கென்று நிறுத்தவும் கூடாது. பழகிப்போகிற வகை வேறு, போட்டதும் அரை மணியில் அமைதி தருகிறதே, அது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி அதை மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிறவர்கள் நம் பக்கம் அதிகம், நீங்கள் அதில் மாட்டிவிடாதீர்கள். உம்மா சொல்கிற மாதிரி ஓதியும் பாருங்கள், உம்மாவின் மனதுக்கும் அது தேவை. மருத்துவரிடம் போவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

"அக்கா, என் மகன் 2020 மார்ச்சில் அஞ்சாம் வகுப்பு. திரும்பப் பள்ளிக்கூடம் போகும்போது ஏழாவது. ஒன்பதாவதில் நின்னுட்டான். இப்ப அவன் மாமாகூட வத்தையில் கடலுக்குப் போறான், காசை என் கையில்தான் கொடுக்கிறான், நல்ல பிள்ளைதான். ஆனா யார்கூடவும் பேச்சு இல்லை, ராத்திரி பூரா போன். படிப்புப் பேச்சை எடுத்தா எழுந்து வெளியே போயிடுறான். போனைப் பிடுங்கிடவா?"
— வாசகி, பாம்பன்

வேண்டாம் தங்கச்சி. முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது, பத்தொன்பது மாதத்துக்கு மேல். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். எல்லாரும் பாஸ். அஞ்சாம் வகுப்புத் தமிழையே தட்டுத்தடுமாறிப் படித்த பையனை ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்துவிட்டோம். எழுந்து படி என்று வாத்தியார் சொன்னதும் 'கண்ணு வலிக்குது சார்' என்று சொல்லித் தப்பித்த ஒரு பையனை எனக்குத் தெரியும், ஒரு வருடம் முழுக்க அவன் கண்ணுக்குத்தான் வைத்தியம் பார்த்தார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, வெட்கம். நாலு பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல முடியாத வெட்கம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று சாயங்கால வகுப்புகளை அரசு தொடங்கியது. எத்தனையோ பிள்ளைகள் அதில் தேறி வந்தார்கள், உங்கள் மகன் மாதிரி விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள்.

போன் அவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம். அதைப் பிடுங்கினால் வீட்டை விட்டே போய்விடுவான். படிப்புப் பேச்சை ஒரு மாதத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். இன்றைக்கு மீன்பாடு எப்படி, காற்று எப்படி இருந்தது என்று கேளுங்கள், அவனுக்குத் தெரிந்த விஷயத்தில் நீங்கள் தெரியாதவராக இருங்கள். வலை பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வாய் திறப்பான், கண்ணைப் பார்த்துக் கேட்டால் திறக்க மாட்டான், இந்த வயதுப் பையன்கள் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் எல்லா போனும் ஒரே இடத்தில், உங்களுடையதும் சேர்த்து. அப்புறம் ஒரு நாள், நீங்கள் வேண்டாம், மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கே திரும்பப் போக வேண்டும் என்று இல்லை, பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம், தொழிலுக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். ஏழாவது புத்தகத்திலிருந்து வெட்கப்படாமல் தொடங்க யாராவது ஒரு அண்ணன் கிடைத்தால் போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பையன்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழ மாட்டார்கள், எரிந்து விழுவார்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார்கள். சாப்பாடு குறைந்தாலோ, 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, மாமாவோடு நேரே ராமநாதபுரம் கூட்டிப்போங்கள், அடுத்த நாள் என்று தள்ளாதீர்கள்.

"கொரோனா வந்துபோனதிலிருந்து மறதி, அசதி. மூளையைப் பாதித்துவிட்டதா?"
— வாசகர், வாலிநோக்கம்

சிலருக்கு அப்படி உண்டு. கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் அசதி, மறதி, வாசனை தெரியாமல் இருப்பது, யோசனையில் ஒரு மந்தம் எல்லாம் வந்தது நிஜம், பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லச் சரியாகியும் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இருந்தால் எல்லாவற்றையும் கொரோனா தலையில் போட்டுவிட வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு, பி12 நான்கையும் பாருங்கள், தூக்கம் எப்படி என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மறதி இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், மறதி என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் இருந்தது.

"நான் கடல்பாசி எடுக்கிறவ. கொரோனாவில் கையில் காசில்லாம குழுக்கடன் வாங்கினேன், அதைக் கட்ட வட்டிக்காரர்கிட்ட வாங்கினேன், இன்னும் அடையலை. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை எழுதினார். கடன் தீர்ந்தா என் நோய் தீரும், மாத்திரை எதுக்கு?"
— வாசகி, மண்டபம்

நீங்கள் சொல்வது பாதி சரி அம்மா. கடனுக்கு மாத்திரை கிடையாது. 2020ல் மார்ச் கடைசியில் ஊரடங்கு, ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலம், அந்த வருடம் 61 நாளை 47 நாளாகக் குறைத்தும் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதில் இந்தக் கரையே முடங்கிப்போனது. ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அந்தப் பாரத்தை உங்கள் மனக்கோளாறு என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அது அநியாயம்.

ஆனால் விடியக்காலை இரண்டு மணிக்கு விழித்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். தூக்கம் இல்லாத மூளையால் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று யோசிக்க முடியாது, கடன் அதனாலும் பெருகும். மாத்திரை கடனைத் தீர்க்காது, கடனைத் தீர்க்க யோசிக்கிற ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கும். அதற்காகச் சாப்பிடுங்கள். குழுவில் நம்பிக்கையான ஒரு பெண்ணோடு உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள், தலைக்குள் சுற்றும்போது இருக்கிற பயம் தாளில் பார்க்கும்போது கொஞ்சம் இறங்கும். இன்னொன்று, மைக்ரோ பைனான்ஸ் கடன் என்றால் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட விதி. அடுத்த தடவை ராத்திரி போன் வந்தால் இதைச் சொல்லுங்கள்.

"என் தம்பிக்கு ஊரடங்கு நேரத்தில் மாத்திரை கிடைக்காமல் விட்டுப்போச்சு, அதிலிருந்து யாரோ பேசுற மாதிரிக் காதில் கேட்குதுங்கிறான். ஏர்வாடி தர்ஹாவில் தங்கவெச்சா நல்லதுன்னு சொல்றாங்க. அங்க இருந்துக்கிட்டே மாத்திரையும் சாப்பிடலாமா? நாங்க இந்துக்கள், போகலாமா?"
— வாசகர், தேவிபட்டினம்

போகலாம், அங்கே யாரும் சாதி மதம் கேட்பதில்லை. மாத்திரையும் சாப்பிடலாம், சாப்பிட்டே ஆக வேண்டும். காதில் குரல் கேட்பது மூளை சம்பந்தப்பட்ட நோய், உங்கள் தம்பியிடம் குறையும் இல்லை, பேயும் இல்லை. மாத்திரை நின்றதால் நோய் திரும்பியிருக்கிறது, இதே கதையை 2020க்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் சொல்லிவிட்டன. பஸ் இல்லை, கையில் சீட்டு இல்லை, பழைய மாத்திரை தீர்ந்துபோனது. மறுபடி தொடங்கினால் நன்றாவார்.

ஏர்வாடியைப் பற்றிப் பேசும்போது 2001 ஆகஸ்ட் 6ஐச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தர்ஹாவுக்குப் பக்கத்தில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் விடியக்காலையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இருக்கிறது. தர்ஹாவிலேயே 'தவா-துவா' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துத் தருகிற ஏற்பாடு வந்தது, எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. வேண்டுதலுக்குத் தங்குங்கள், நீங்கள் யாராவது கூடவே தங்குங்கள், மருத்துவரைப் பார்த்து ஊசியா மாத்திரையா என்று முடிவு செய்துகொண்டு போங்கள். கட்டிப்போட வேண்டும் என்று எவராவது சொன்னால் அந்த நிமிடமே தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"அம்மா, எனக்கு எழுத்துத் தெரியாது, மகள் எழுதித் தருது. 2021ல் கொரோனாவில் இறந்தவங்களை அடக்கம் பண்ற வேலையில் கூலிக்கு இருந்தேன். ஒரு நாளைக்கு அஞ்சு ஆறுகூட வரும். சொந்தக்காரங்க தூரத்தில் நிப்பாங்க, சில பேருக்கு அதுவும் இல்லை. கவரில் பேர் ஒட்டியிருக்கும், டிரைவரை வாசிக்கச் சொல்லிட்டு, இறக்குறதுக்கு முன்னாடி அந்தப் பேரைச் சொல்லி, 'உங்க பிள்ளைங்களால வர முடியலை, நான் வந்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க'ன்னு சொல்லுவேன். தெருவில் அப்ப என்னை உள்ளே விடலை, பம்ப்பில் தண்ணி அடிக்க விடலை. இப்ப மழைக்கு யாராவது பிளாஸ்டிக் கவரை விரிச்சா அந்தச் சத்தத்துக்கு எனக்கு உடம்பு உதறுது. குடிச்சாத்தான் தூக்கம். எந்தச் சாதிக்கு எந்த மதத்துக்கு எப்படிச் செய்யணும்னு தெரியாம எல்லாரையும் ஒரே மாதிரி வெச்சுட்டேன். அது பாவமா அம்மா?"
— வாசகர், ராமநாதபுரம்

ஐயா, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு கடிதத்தை என்னால் தொட முடியவில்லை.

பாவம் இல்லை. பிள்ளைகள் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர்கள் இடத்தில் நின்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு சடங்கு எனக்குத் தெரியாது. உங்களைத் தண்ணீர் அடிக்க விடாதவர்கள் இதைப் படித்தால் உங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நான் ஊரார் எல்லாருக்குமாகவே சொல்கிறேன்.

கவர் சத்தத்துக்கு உடம்பு உதறுவது, தூக்கத்தில் வருவது எல்லாம் பார்க்கக்கூடாததைப் பார்த்த மனதுக்கு வருகிற நோய், போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும் வரும், சிகிச்சையில் நன்றாகும். குடியை நாளைக்கே நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், தினமும் குடிக்கிற உடம்புக்கு அப்படி நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மகளோடு மனநலப் பிரிவுக்கு வாருங்கள், சேர்த்து வைத்து, மருந்து கொடுத்து, மெதுவாக நிறுத்தலாம். செலவில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து முதல் கடிதம் எழுதிய அம்மா, நீங்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் கடைசியில் வைத்தேன். உங்கள் அப்பாவை இறக்கி வைத்தது இவர்தான் என்று நான் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. ஆனால் கவச உடைக்குள்ளே இப்படி ஒரு மனிதர் இருந்திருக்கிறார். சாப்பாடு போடும் அன்றைக்கு அந்த நாலு பேருக்காகவும் ஒரு இலை போடுங்கள்.

ஐயா, அந்தப் பெயர்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறதோ, அவசரமில்லாமல், முடிகிற அன்றைக்கு மட்டும், மகளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதி வையுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.